இத்தா முடியுற வரைக்கும் லாரி நிக்கட்டும்

இதை எழுதலாமா கூடாதா என்று வருஷக்கணக்காகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். வாப்பா மௌத்தாகி, உம்மா இத்தாவில் இருந்த சமயத்தில் நடந்தது. ஆனால் பாதி இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. மையத்து எடுத்த வீட்டுக் கதையைச் சிரித்துக்கொண்டே எழுதினால் நாளைக்கு மறுமையில் யார் பதில் சொல்வது? ஒவ்வொரு ரமலானிலும் எழுத உட்காருவேன். நோன்பு வைத்துக்கொண்டு இந்தக் கூத்து தேவையா என்று எழுந்துவிடுவேன். பெருநாள் கழிந்தால் பிரியாணி மயக்கம், அதோடு சோம்பேறித்தனம். போன மாதம் உம்மாவே கேட்டுவிட்டது.

“ஏலே, நான் மௌத்தானப்புறம் எழுதலாம்னு இருக்கியா? அப்ப நீ தப்பா எழுதுனா யாரு திருத்துறது?”

அதனால் எழுதுகிறேன். பத்தாவதில் கோட்டை விட்டவன் நான். குற்றங்குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தா என்றால் என்னவென்று தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். புருஷன் மௌத்தானால், அதாவது இறந்துபோனால், மனைவி நாலு மாதம் பத்து நாள் அந்த வீட்டோடு இருக்கவேண்டும். நகை நட்டு, பூ, அலங்காரம் எதுவும் கிடையாது. அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. தவிர்க்க முடியாத காரியம் இருந்தாலொழிய வாசல் தாண்டுவதில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

நான் குளிர்பதன மெக்கானிக். வளைகுடாவில் பதினாலு வருஷம் சில்லர் மிஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, கொரோனா முடிந்த கையோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன். பெரியபட்டினம் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை. மீன் பாடு இருந்தால் ஐஸ் ஓடும், இல்லையென்றால் நாங்கள் ஈ ஓட்டுவோம். அப்போதுதான் கோயம்புத்தூரில் ஒரு பெரிய குளிர்சாதனக் கிட்டங்கியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

எப்படிப் போனேன் தெரியுமா? கையில் பாஸ்போர்ட், மெடிக்கல் எடுத்த எக்ஸ்ரே, வெள்ளைப் பின்னணியில் போட்டோ ஒரு கட்டு. எங்கள் ஊரில் வேலைக்குப் போவது என்றால் இந்த மூன்றும்தான். என் வாப்பாவும் இப்படித்தான் போனார், என் மச்சானும் இப்படித்தான் போனான். எச்.ஆர். என்று ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தது. நான் மேஜையில் பாஸ்போர்ட்டை வைத்தேன். அது எடுத்துப் புரட்டிப் பார்த்தது.

“இது எதுக்குங்க சார்?”

“உங்கள்ட்ட ஒப்படைக்கத்தான் மேடம்.”

“கோயம்புத்தூருக்கு விசா வேண்டாங்க சார்.”

பக்கத்து மேஜையில் இருந்த ஆள் டீயைச் சிந்திவிட்டார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தபோது, நீட்டிய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளாத முதல் கம்பெனி இது என்று ஒரு சந்தோஷமும் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

வேலை கிடைத்துவிட்டது. குடும்பத்தோடு வருவீர்களா என்று கேட்டார்கள். வருவேன் என்றேன். “ஷிஃப்டிங் எல்லாம் கம்பெனி பாத்துக்கும்” என்றது அந்தப் பெண். சரி மேடம் என்றேன். சேர்ந்து ரெண்டு மாதத்துக்குள் குடி மாறிவிடவேண்டும் என்றது. சரி மேடம். ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் ஷிஃப்டிங் செலவைத் திருப்பிக் கட்டவேண்டும் என்றது. சரி மேடம். ஒரு மாதம் குடும்பத்தோடு கெஸ்ட் ஹவுஸில் தங்கி வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றது. அதற்கும் சரி மேடம். இமாம் துஆ ஓத ஓத ஆமீன் சொல்வதுபோல் எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி உட்காரவைத்து விசாரித்தாள்.

“என்ன சொன்னாக?”

“எல்லாம் கம்பெனி பாத்துக்குமாம்.”

“எல்லாம்னா என்னென்ன?”

“எல்லாம்தான்.”

“பீரோ?”

“லாரி வரும், அவுங்களே கட்டி ஏத்துவாங்களாம்.”

“நாங்க வாறதுக்கு?”

“வண்டி அனுப்புவாங்க. உனக்கு, பிள்ளைக ரெண்டு பேருக்கு.”

“மாமி?”

கம்பெனி குடும்பம் என்று சொன்னது மனைவியையும் பிள்ளைகளையும்தான். உம்மாவும் வாப்பாவும் அந்த ‘எல்லா’த்தில் கிடையாது. வளைகுடாவில் ஃபேமிலி விசா என்றால் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. “அது அப்புறம் பாத்துக்கிருவோம்” என்று தப்பித்தேன். வாப்பாவும், “நாங்க இங்கனயே கெடக்கோம், நீங்க போங்க” என்று சொல்லிவிட்டுச் செய்திச் சேனலைத் திருப்பினார்.

அந்த வாரமே வாப்பா மௌத்தாகிவிட்டார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார். இன்னா லில்லாஹி. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதமாட்டேன். எழுதினால் லாரிக்கு வந்து சேரமாட்டேன்.

கம்பெனியில் பத்து நாள் தள்ளிச் சேரச் சொன்னார்கள். நல்ல மனுஷர்கள். ஆனால் கணக்கு இப்போது வேறு. உம்மா இத்தாவில் உட்கார்ந்துவிட்டது. கம்பெனி லாரி ரெண்டு மாதத்துக்குள் வந்தாகவேண்டும். லாரியில் சாமானையும் வண்டியில் மனைவி மக்களையும் ஏற்றினால் உம்மா காலி வீட்டில் தனியாக. ஏற்றாவிட்டால் லாரியும் போச்சு, வண்டியும் போச்சு. சொந்தக் காசில் குடி மாற வழியில்லை, வாப்பாவின் கபன் துணிச் செலவுக்கே கடன் வாங்கியவன் நான். கூடப் பிறந்தது ஒரே ஒரு அக்கா, லாத்தா, அதுவும் புருஷனோடு மலேசியாவில். உம்மாவை விட்டுவிட்டுப் போகிறதா, வேலையை விடுகிறதா? தொழுகையில் ருகூவில் குனிந்து நிற்கும்போதுகூட லாரிச் சக்கரம்தான் தெரிந்தது. அல்லாஹ் மன்னிக்கணும்.

மச்சான் வந்தான். என் மனைவியின் அண்ணன். இருபது வருஷம் வளைகுடாவில் இருந்தவன், உலகத்தில் எந்தக் கம்பெனியைப் பற்றியும் கருத்து சொல்லக்கூடியவன்.

“மாப்ள, ஒன்னும் கேக்காத. கேட்டீன்னா பாஸ்போர்ட்டுல எக்ஸிட் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவான்.”

“கோயம்புத்தூர்லேந்து எங்கன மச்சான் எக்ஸிட் அடிப்பான்?”

“அட, கம்பெனின்னா கம்பெனிதான். மொதல்ல போய்ச் சேரு. ரெண்டு வருஷம் கழிச்சு லீவு சம்பளமும் டிக்கெட்டும் கேளு.”

“எதுக்கு டிக்கெட்டு? ராத்திரி பஸ் ஏறுனா விடிய வீட்டுல நிப்பேன்.”

“அப்ப அது கம்பெனியே இல்ல” என்று எழுந்து போய்விட்டான்.

சிரிக்கிறோம், ஆனால் எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். பதினாலு வருஷத்தில் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே வளர்ந்த கை. ஆகவே ஒரு சுலபமான வழி தேடினேன். உம்மாவிடம் போய் நின்றேன். உம்மா உள்ளறையில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தது.

“உம்மா, கட்டாயத் தேவைன்னா இத்தாவுல இருக்கவுங்க இடம் மாறலாம்னு சொல்றாங்களே…”

“யாரு சொன்னா?”

“பள்ளிவாசல் ஹஜ்ரத்த கேட்டேன்.”

“எது கட்டாயத் தேவைன்னாரு?”

“வீடு இடிஞ்சு விழுந்தா, உயிருக்கு பயம்னா…”

உம்மா அண்ணாந்து கூரையைப் பார்த்தது. “இடியலையே. போன வருஷந்தானே உங்க வாப்பா தளம் போட்டாரு.”

நானும் அண்ணாந்து பார்த்தேன்.

“இங்க பாருலே. ரெண்டு தேதி இருக்கு. ஒன்னு அல்லாஹ் போட்டது. இன்னொன்னு கோயம்புத்தூர்ல ஒரு பொண்ணு கம்ப்யூட்டர்ல போட்டது. எத மாத்தச் சொல்லி என்ட்ட வந்து நிக்கிற?”

என் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்த சத்தம் கேட்டது. அவளே பிறகு வழியும் சொன்னாள். “கூடக் கேட்டாத்தானே கோவப்படுவாக? கூட ஒன்னும் கேக்காதீக. குடுக்குறத பிந்திக் குடுங்கன்னு கேளுங்க. கெஸ்ட் ஹவுஸ் நமக்கு வேணாம். நீங்க மட்டும் ஆளுக தங்குற ரூம்ல கெடங்க. அந்த ஒரு மாசச் செலவுக்குப் பதிலா மாமிய சேத்துக்கச் சொல்லுங்க.”

பீரோ, மாமி என்று ஆரம்பித்தவள் வந்து நின்ற இடம் இது. நான் வளைகுடாவில் இருந்த காலமெல்லாம் வீட்டில் கொத்தனாரோடும் மளிகைக்கடையோடும் பேரம் பேசியது அவள்தான். கம்பெனி என்றால் அவளுக்கு ஒரு பயமும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து, முதல் வாரக் கடைசியில் ஊர் வந்திருந்தபோது அந்த எச்.ஆர். பெண்ணுக்குப் போன் போட்டேன். நேரில் கேட்கத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உள்ளறை வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

“மேடம், லாரி இப்ப வேணாம். நாலு மாசம் கழிச்சு வேணும். உம்மா இத்தாவுல இருக்காங்க.”

“அது எந்த ஊருங்க சார்?”

“ஊரு இல்ல மேடம்.” விளக்கினேன். நானே குழம்பி, அந்தப் பெண்ணையும் குழப்பிவிட்டேன்.

“அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லைங்களா? மெடிக்கல் சர்ட்டிபிகேட் இருக்குங்களா?”

“இல்ல மேடம். வாப்பாவோட டெத் சர்ட்டிபிகேட்தான் இருக்கு.”

உம்மா கையை நீட்டியது. “குடுலே இங்க. பொம்பளப் பிள்ளதானே பேசுது?”

போனை வாங்கிக்கொண்டது.

“ஏம்மா, உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

“இல்லைங்க ஆன்ட்டி.”

“அதான் புரியல. புருசன் மௌத்தாயிட்டா நாலு மாசம் பத்து நாளு வீட்டோட இருக்கணும். எங்கயும் போக வேணாம், கல்யாணம் காச்சி வேணாம், எவனுக்கும் எந்திரிச்சு டீ போட வேணாம். அவருக்காக துஆ கேட்டுக்கிட்டு இருக்கணும். அம்புட்டுத்தான்.”

“ஆன்ட்டி, எங்க கம்பெனில இத்தன நாள் லீவு யாருக்குமே இல்லைங்க.”

“எனக்கு இது நாப்பத்தஞ்சு வருஷ வேலைக்குப் பொறவு கெடச்ச லீவும்மா.”

அந்தப் பெண் சிரித்துவிட்டது. உம்மாவும் சிரித்தது. வாப்பா போன பிறகு அன்றைக்குத்தான் உம்மா சிரித்ததைக் கேட்டேன். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

பிறகு அந்தப் பெண் நல்லெண்ணத்தில் ஒரு யோசனை சொன்னது. “சார், இதையெல்லாம் மேலே எழுதினா புரிஞ்சுக்க மாட்டாங்க. பசங்களுக்கு முழுப்பரீட்சை, அது முடியற வரைக்கும் லேட் பண்ணுங்கன்னு போட்டுக்கலாங்க. உடனே ஓகே ஆயிடும். ஆன்ட்டி எப்படியும் வண்டில உக்காந்து வந்துடுவாங்க, யார் எண்ணப் போறாங்க?”

பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்தது உண்மைதான். பரீட்சை முடிகிறதும் இத்தா முடிகிறதும் கிட்டத்தட்ட ஒரே நேரம். நான் சரி மேடம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்த ‘சரி மேடம்’ என் நாக்கிலேயே குடியிருந்தது. உம்மா முந்திக்கொண்டது.

“வேணாம்மா. அப்படி வாற லாரி எனக்கு வேணாம்.”

“உம்மா, பொய் இல்லையே. பரீட்சை இருக்குல்ல?” என்றேன்.

“பரீட்சை இருக்கு. அந்தக் காகிதத்துல நான் இருக்கேனா? மூட்ட முடிச்சுக்கு நடுவுல என்னய ஒளிச்சு வச்சுக் கூட்டிட்டுப் போவியாக்கும்? உங்க வாப்பாவுக்காகத்தான் இந்த லாரி நிக்கிது. அத மறைச்சுட்டு பிள்ளைக கணக்குப் பரீட்சைக்காக நிக்கிதுன்னு எழுதுனா நான் வரல. நீங்க போங்க.”

சொன்னால் சொன்னதுதான். உம்மாவை நான் அறிவேன். வேலை, லாரி, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அந்த ஒரு பதிலில் வந்து நின்றுவிட்டது. நான் கண்ணை மூடி ஒரு பிஸ்மி சொன்னேன்.

“மேடம், உள்ளதையே எழுதுங்க. எங்க வாப்பா மௌத்து, உம்மா இத்தா. அது முடிஞ்சப்புறம் ஒரு லாரி. வண்டியில வாறவுங்க என் மனைவி, பிள்ளைக ரெண்டு பேரு, உம்மா. அதுக்குப் பதிலா குடும்பத்துக்கான கெஸ்ட் ஹவுஸ் வேணாம். நான் ஆளுக ரூம்லயே இருந்துக்கிறேன். ஒரு வருஷத்துக்குள்ள வேலைய விட்டா செலவத் திருப்பிக் கட்டுறேன்னு சொன்னது அப்படியே இருக்கட்டும்.”

பதினாலு வருஷமாகப் பேசாத பேச்சு. “கேட்டுப் பாக்கறேங்க சார், உறுதி சொல்ல முடியாதுங்க” என்று அந்தப் பெண் போனை வைத்துவிட்டது.

திங்கட்கிழமை போனேன். வேலை நடந்துகொண்டுதான் இருந்தது, யாரும் எக்ஸிட் அடிக்கவில்லை. மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய மனிதர், நெற்றியில் விபூதி. அந்தப் பெண்ணும் நின்றது.

“உங்கம்மாகிட்ட நானே பேசி விசாரிச்சுக்கலாமா?” என்றார்.

“முடியாதுங்க சார். இத்தாவுல அந்நிய ஆம்பளைகள்ட்ட பேச மாட்டாங்க.”

“மேடத்துக்கிட்ட மட்டும் நல்லா பேசினாங்களாமே?”

“மேடம் பொம்பளப் பிள்ளைல்ல சார், அதான் அப்படிப் பேசுனாங்க. பேச வேற ஆளு இல்ல.”

அவருக்கும் வீட்டில் வயதான அம்மா இருப்பதாகவும், அது மார்கழியில் வீடு மாற விடாமல் ஒரு தடவை தன்னைப் படுத்திய பாட்டையும் சொன்னார். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார். லாரி பிந்தி வரலாம். அம்மாவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் அம்மா வரமாட்டார்கள், அதைக் கேட்டு அப்புறம் வந்து நிற்கக்கூடாது. சரி சார் என்றேன். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னேன். சாயங்காலம் மெயில் வந்தது. மனைவி, ரெண்டு பிள்ளைகள், தாயார் என்று உம்மா பேரும் இருந்தது. போனில் வாசித்துக் காட்டினேன்.

“என் பேருக்கு முன்னால இனிஷியலா என் வாப்பா பேர போட்டுருக்கா?” என்று கேட்டது உம்மா.

“போட்டுருக்கு.”

“அப்ப சரி. இனி நான் சொல்றதக் கேளு. அங்கன எனக்குத் தனி ரூமு வேணும், தெருவப் பாத்து சன்னல் இருக்கணும். இங்கன நாலு மாசம் செவத்தத்தானே பாக்கப் போறேன். கருவாடு பொரிச்சா அக்கம்பக்கத்துல சண்டைக்கு வராத வீடாப் பாரு. வருஷத்துக்கு ஒருக்கா ஏர்வாடி தர்கா கந்தூரிக்கு லீவும் டிக்கெட்டும் வேணும்.”

கம்பெனியிடம் நான் பட்ட பாட்டைவிட இது பெரிய பேரம். மூன்றையும் ஒத்துக்கொண்டேன். கருவாட்டு வீடு தேடித்தான் செருப்புத் தேய்ந்தது. வீட்டுக்காரர்கள் என் சாதி, மதம், சம்பளம் எல்லாம் விசாரிப்பார்கள். நான் கருவாட்டை விசாரிப்பேன். கடைசியில் கீழ்வீட்டில் தூத்துக்குடிக்காரர் குடியிருந்த ஒரு மாடி வீடு அமைந்தது.

அதுவரை ஆளுகள் ரூமில் இருந்தேன். ரூமில் ஒருத்தன் குறட்டை விடுவான். கிட்டங்கி கம்ப்ரசர்கூட அவ்வளவு சத்தம் போடாது.

இத்தா முடிந்த மறுவாரம் லாரி ஊருக்குள் வந்தது. பெட்டியும் பபிள் ஷீட்டுமாக மூன்று பேர் இறங்கி, எங்கள் வீட்டுச் சாமானைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிச் சுற்ற ஆரம்பித்தார்கள். அம்மிக்குழவியைக்கூட பபிள் ஷீட்டில் சுற்றினார்கள். “ஏன்பா, அது விழுந்தா தரைதான் உடையும்” என்றது உம்மா. ஒருத்தன், “பாட்டி, இந்தக் கட்டிலும் வருதா?” என்று கேட்டான். “பாட்டியா? உங்க ஆத்தா வயசுதான் எனக்கு” என்று உம்மா ஒரு போடு போட்டது. அதற்குப் பிறகு அவன் உம்மாவைக் கேட்காமல் ஒரு சாமானைத் தொடவில்லை. வாப்பாவின் கட்டில் வந்தது. வாப்பாவின் டிவி மச்சானுக்குப் போனது. உம்மா அக்கம்பக்கத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு, லாரியோடு வந்த வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, “தம்பி, ஏசியப் போடு, எம் மகன் அதுலதான் சம்பாதிக்கிறான்” என்றது. வண்டி கிளம்பிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஊரில் இது இப்போது வேறு மாதிரி உலாவுகிறது. கம்பெனி உம்மாவுக்கு ஆம்புலன்ஸ் அனுப்பியதாம். மதுரையிலிருந்து பிளேன் பிடித்துக் கொடுத்ததாம். முதலாளியே வந்து வாசலில் நின்றாராம். மச்சானைக் கேட்டால் தானே பேசி முடித்ததாகச் சொல்கிறான். இதை நம்பி சிக்கல் என்கிற ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன் சென்னைக் கம்பெனியில் தாய்க்கும் மாமியாருக்கும் பிளேன் டிக்கெட் கேட்டிருக்கிறான். வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆகையால் படிக்கிறவர்களிடம் கையேந்திக் கேட்கிறேன். குடி மாறுகிற யாருக்காவது இது உதவும் என்று பட்டால் தாராளமாகச் சொல்லுங்கள், அல்லாஹ் உங்களுக்கு நன்மை எழுதுவான். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். கேட்டது பிந்தி ஒரு லாரி, வண்டியில் ஒரு ஆள் கூட. விட்டுக்கொடுத்தது கெஸ்ட் ஹவுஸ். கிடைக்காதது காப்பீடு. எழுதின காரணம் உள்ள காரணம். பிளேனைச் சேர்க்காதீர்கள், முதலாளியைச் சேர்க்காதீர்கள். ஊரைத் தாண்டும்போது உம்மா அழுதது என்று மட்டும் யாரும் சேர்த்துவிடாதீர்கள். அழவில்லை. ராமநாதபுரம் வருவதற்குள் தூங்கிவிட்டது.